புது வீட்டின் மாதச் செலவு: பூச்சு வேலைக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். இரண்டு படுக்கையறையோடு தரைத்தள வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் ஜன்னல் மட்டம் வரை வந்துவிட்டது. வீடு முடிந்ததும் மாமியாரும் எங்களோடு வந்துவிடுவார். இதுவரை கடனின் மாதத் தவணையை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தோம். கரண்ட், தண்ணீர், கேஸ், இன்டர்நெட் எல்லாம் எவ்வளவு கூடும் என்று இப்போதுதான் பயம் வருகிறது. 'வாடகை வீட்டு பில்லை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்' என்கிறார் கொழுந்தனார். அது சரிதானா? பணம் இறுகுகிறது என்று சொன்னதும், சன்ஷேடையும் மொட்டைமாடியில் போடும் வெப்பத் தடுப்பையும் விட்டுவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். விடலாமா? சோலாரை இப்போதே போட்டுவிட வேண்டுமா?

கட்டடச் சேவைப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுவர் ஜன்னல் மட்டத்தில் இருக்கும்போதே இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. குடிபுகுந்து முதல் பில்லைப் பார்த்த பிறகுதான் பலர் கேட்கிறார்கள். அப்போது பல்பை மாற்று, ஃபேனை மாற்று என்பதற்கு மேல் சொல்வதற்கு அதிகம் இருக்காது. உங்களுக்கோ ஜன்னலின் நிழல், மொட்டைமாடித் தளத்தின் மேற்பரப்பு, தண்ணீர்க் குழாய் போகும் வழி, ஒயர் போகும் வழி எல்லாமே இன்னும் கையில் இருக்கின்றன. இனி வரப்போகும் பில்களில் பெரும்பகுதியை முடிவு செய்வது இவைதான்.

கொழுந்தனார் சொன்ன கணக்கை விட்டுவிடுங்கள். வீடு இரண்டு மடங்கு பெரிதானால் பில்லும் இரண்டு மடங்காகும் என்று இல்லை. ஃபிரிட்ஜ் அதே ஃபிரிட்ஜ்தான், டிவி அதே டிவிதான். உங்கள் வீட்டில் உண்மையில் மாறுவது வேறு. இப்போது பகல் முழுக்க வீடு பூட்டியிருக்கிறது. இனிமேல் மாமியார் வீட்டில் இருப்பார். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஃபேனோ ஏசியோ ஓடும். குளிக்க ஒருவருக்குக் கூடுதலாக வெந்நீர் வேண்டும். ஆகவே சதுர அடியை மறந்துவிட்டு, யார், எந்த அறையில், எத்தனை மணி நேரம் என்று எழுதத் தொடங்குங்கள்.

கணக்கு எளிதுதான். 1,000 வாட் கருவி ஒன்று 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1,000த்தால் வகுத்தால் போதும். சாதாரண ஃபேன் 75 வாட் என்று வையுங்கள். நான்கு ஃபேன்கள் நாளுக்குச் சராசரி 12 மணி நேரம் ஓடினால் 3.6 யூனிட், மாதத்துக்கு 108. பி.எல்.டி.சி. (BLDC) என்னும், கரண்டைக் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட்டில் கிட்டத்தட்ட அதே காற்றைத் தரும். அதில் மாதம் 43 யூனிட்தான். பத்து எல்.இ.டி. பல்புகள், ஒவ்வொன்றும் 9 வாட், தினம் 5 மணி நேரம் எரிந்தாலும் மாதம் 14 யூனிட்டைத் தாண்டாது. ஃபிரிட்ஜின் ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 250 யூனிட் என்று போட்டிருந்தால் மாதம் 21. ஏசிதான் பெரிது. ஒரு படுக்கையறையில் இன்வெர்ட்டர் ஏசி இரவு 8 மணி நேரம், சராசரி 800 வாட் இழுத்து ஓடினால் மாதம் 190 யூனிட்டுக்கு மேல்.

பலருடைய பட்டியலில் விட்டுப்போகும் ஒன்று உண்டு: எப்போதும் உயிரோடு இருக்கும் கருவிகள். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், கேமரா, சார்ஜர், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் டிவி, ஏசி. 1 வாட் ஆண்டு முழுக்க இழுத்தால் 8.76 யூனிட். எல்லாம் சேர்ந்து 30 வாட் என்றாலே மாதத்துக்கு 21 யூனிட்டுக்கு மேல் போகிறது, அதாவது இன்னொரு ஃபிரிட்ஜ். டிவி இருக்கும் இடத்தில் எல்லா பிளக்குகளையும் ஒரே ஸ்விட்ச்சில் அணைக்கும்படி ஒயரிங் செய்யச் சொல்லுங்கள். இப்போது சொன்னால் அதற்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அடுத்தது வெந்நீர். 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1.16 வாட் மணி வேண்டும். இது எந்தக் கம்பெனி ஹீட்டரானாலும் மாறாத கணக்கு. ஐந்து பேருக்குத் தலா 25 லிட்டர், 20 டிகிரி சூடு கூட்ட வேண்டும் என்றால் தினம் 2.9 யூனிட், மாதம் 87. டேங்க்கில் ஆறிப்போகும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். 'இந்த ஹீட்டர் பாதி கரண்டில் சூடாக்கும்' என்று யாராவது சாதாரண காயில் ஹீட்டரைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தரும் ஹீட் பம்ப் வகையில் மட்டும்தான் மூன்றில் ஒரு பங்கு கரண்டில் இந்த வேலை நடக்கும். வெயிலில் சூடாக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் இன்னொரு வழி. இரண்டுமே முதலில் அதிகம் கேட்கும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்தவை.

ஹீட்டரை விட எனக்குக் கவலை தருவது அதிலிருந்து போகும் குழாய். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு 0.31 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஹீட்டர் ஒரு மூலையிலும் குளியலறை மறு மூலையிலும் இருந்து குழாய் 15 மீட்டர் ஓடினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிட்டத்தட்ட 5 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் வீணாகப் போன பிறகுதான் சூடு வரும். மூடிய பிறகு அதே அளவு வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். தினம் நான்கு முறை என்றால் மாதம் 500 லிட்டருக்கு மேல். உங்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: இரண்டு குளியலறையும் சமையலறையும் ஒன்றுக்கொன்று முதுகு ஒட்டி இருக்கின்றனவா? சுவர் எழும்பிவிட்டதால் அறைகளை நகர்த்த முடியாது. ஆனால் ஹீட்டர் இடத்தை நகர்த்தலாம், வெந்நீர்க் குழாய்க்கு மேல் உறை போடலாம். பூச்சு வேலை முடிந்தால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும்.

சரி, இப்போது கான்ட்ராக்டர் சொன்னதற்கு வருகிறேன். சன்ஷேடையும் தளத்து வெப்பத் தடுப்பையும் விடாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கட்டுமானச் செலவைக் குறைத்துக் கேட்டீர்கள், பார்த்ததும் கண்ணில் படாத பொருளாக அவர் எடுத்துச் சொன்னார். ஆனால் அது நீங்கள் மாதாமாதம் கட்டப்போகும் பணம்.

நேர் வெயில் விழும் சாதாரணக் கண்ணாடி ஜன்னல் 2 சதுர மீட்டர் இருந்தால், அதன் வழியே 1 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் வெப்பம் உள்ளே வரும். மத்தியானத்துக்குப் பிறகு மேற்கு ஜன்னலில் இதுதான் நடக்கிறது. அறைக்குள் ஒரு ஹீட்டரைப் போட்டுவிட்டு, அதை எதிர்த்து ஏசியை ஓடவிடுவது இது. உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். மேற்கில் வெயில் சாய்ந்து வருவதால் மேலே நீட்டும் சன்ஷேடு மட்டும் போதாது. பக்கவாட்டுத் தடுப்போ வெளிப்பக்கம் தொங்கும் மறைப்போ மரமோ வேண்டும். கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் எதையும் குறைக்காதீர்கள். நேர் வெயிலே படாத பக்கத்து ஜன்னலில் மழைச்சாரலுக்கு வேண்டிய அளவு நீட்டினால் போதும். அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

தரைத்தள வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி இல்லை. அதனால் பகல் முழுக்க வெயிலை வாங்குவது தளம்தான். தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவு கொட்டும். கான்கிரீட் அதை வாங்கி வைத்துக்கொண்டு மாலையிலும் இரவிலும் உள்ளே விடும். நீங்கள் ஏசியை ஓட்டுவதும் அதே நேரத்தில்தான். வெப்பத் தடுப்புப் பலகை போடப் பணமே இல்லை என்றால், குறைந்தபட்சம் வெள்ளை ஓடோ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ போடுங்கள். பூச்சு அழுக்கானால் பயன் குறையும், சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் இறுகியிருக்கும்போது எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். உதாரணத்துக்கு ஆண்டு வட்டி 9 சதவீதம், 20 ஆண்டுக் கடன் என்று வையுங்கள். கடனில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு 1,000த்துக்கும் மாதத் தவணை 9 கூடும். ஆக, 10,000 செலவு பிடிக்கும் ஒரு சன்ஷேடு உங்கள் தவணையை 90 கூட்டுகிறது. ஆண்டுச் சராசரியில் மாதம் 90க்கு மேல் பில்லைக் குறைத்தால் அது முதல் மாதத்திலிருந்தே உங்களுக்கு லாபம். கோடை மாதத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி வகுங்கள். இந்தச் சோதனையில் ஃபால்ஸ் சீலிங்கும் அலங்கார விளக்கும் நிற்குமா என்றும் பாருங்கள். 1,000 கடனுக்கு 20 ஆண்டில் மொத்தமாக 2,160 அளவில் திருப்பிக் கட்டுகிறீர்கள். சீலிங்கைப் பிறகு கையில் காசு சேர்ந்ததும் போட்டுக்கொள்ளலாம். தளத்தையும் ஜன்னலையும் அப்படித் திரும்பத் தொடுவது கஷ்டம்.

இதே சோதனையை ஆயுள் குறைந்த பொருளுக்குப் போடும்போது கவனம் வேண்டும். பேட்டரியையோ மோட்டாரையோ 20 ஆண்டுக் கடனில் வாங்கினால், அது போன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைச் சேமிப்பிலிருந்து வாங்குங்கள்.

தண்ணீருக்கு ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் உங்கள் ஐந்து பேருக்கு 675, மாதம் 20,000 லிட்டருக்குச் சற்று மேல். உங்கள் ஊர்க் கட்டணத்தில் இது எந்த அடுக்கில் விழுகிறது என்று பாருங்கள். பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு முறைக்கு 10 லிட்டருக்கு மேல் ஊற்றும். 3, 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதை வாங்குங்கள். கூரை மழைநீருக்குக் கணக்கு சுலபம்: 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர். வழியில் போவது போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். மோட்டார் கரண்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1 குதிரைத்திறன் மோட்டார் தினம் அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட் அளவுதான். ஆழ்துளைக் கிணறு மிக ஆழமானால் மட்டும் கணக்கு மாறும்.

கேஸா, இண்டக்‌ஷனா என்பதற்கு ஒரு மாற்று விகிதம் தருகிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 1 கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் 12.8 யூனிட் அளவு வெப்பம் வரும். அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகும். இண்டக்‌ஷனில் கரண்டில் 85 சதவீதம் போகும். ஆகவே 1 கிலோ கேஸ் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷன் 8 முதல் 9 யூனிட் எடுக்கும். எது மலிவானாலும், சமையலறையில் இண்டக்‌ஷனுக்குத் தனி ஒயர் இழுத்து வையுங்கள்.

இனி, குடிபுகும் முன் வரும் செலவு. இதைத்தான் பெரும்பாலான பட்ஜெட்டுகளில் காணமுடிவதில்லை. கட்டும் காலத்தில் கரண்டுக்கும் தண்ணீருக்கும் யார் பணம் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தற்காலிக இணைப்புக்குப் பல இடங்களில் வீட்டுக் கட்டணத்தை விட அதிக விலை. வேலை முடிந்ததும் அதை வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பிக்காமல் விட்டால் அதிக விலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் வைத்தால் 1 லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் அளவுதான் கிடைக்கும். அது எவ்வளவு விலை உயர்ந்த கரண்ட் என்று வகுத்துப் பாருங்கள். தண்ணீர் வாங்கும் செலவைக் குறைக்க க்யூரிங்கில், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் வேலையில், மட்டும் கை வைக்காதீர்கள். சாதாரண சிமென்ட் போட்ட கான்கிரீட் குறைந்தது 7 நாள் ஈரத்தில் இருக்க வேண்டும், கலப்பு சிமென்ட் என்றால் 10 நாளாவது. ஈரச் சாக்கு விரித்தோ பாத்தி கட்டியோ வைத்தால் தண்ணீர் மிச்சமாகும், கான்கிரீட்டும் கெடாது.

நிரந்தர இணைப்புகளுக்கு டெபாசிட், மீட்டர், கம்பத்திலிருந்து கேபிள், சாலையை வெட்டினால் அதைச் சரிசெய்யும் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எல்லாம் தூரத்தைப் பொறுத்தது. கழிவுநீர்க் குழாய்க்கு தூரத்தோடு ஆழமும் சேரும். 100 மில்லிமீட்டர் குழாயை 60க்கு 1 என்ற சரிவில் போட்டால், 30 மீட்டருக்கு அரை மீட்டர் இறங்க வேண்டும். தெருவில் இருக்கும் பாதாளச் சாக்கடையின் மட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று இப்போதே அளக்கச் சொல்லுங்கள். இடம் கொடுக்காவிட்டால் தரை மட்டத்தை உயர்த்த வேண்டும் அல்லது பம்ப் வைக்க வேண்டும். பம்ப் என்றால் அதுவும் மாதச் செலவு.

மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது லோடு, அதாவது வீடு ஒரே சமயத்தில் இழுக்கும் வாட், எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பதில் எலக்ட்ரீஷியன் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளின் வாட்டையும் கூட்டிக் கொடுத்தால், பயன்படுத்தாத அளவுக்கும் மாதாமாதம் நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். குறைத்துக் கொடுத்தாலோ அபராதமோ ஃப்யூஸ் போவதோ வரும். காலை ஆறரை மணிக்கு, மாலை ஏழு மணிக்கு ஒரே சமயத்தில் எது எது ஓடும் என்று எழுதிப் பாருங்கள். அதில் பெரியதை எடுத்துக் கொஞ்சம் கூட்டினால் போதும். கட்டண அடுக்கிலும் இரண்டு விதம் உண்டு. சில இடங்களில் எல்லையைத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை. சில இடங்களில் தாண்டிவிட்டால் எல்லா யூனிட்டுக்குமே விலை ஏறும். உங்கள் ஊரில் இரண்டாவது முறை என்றால், எல்லைக்குப் பக்கத்தில் வரும் மாதங்களில் அந்த 43 யூனிட் ஃபேன் பெரிய வேலை செய்யும்.

மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்றால், மேலே சொன்னபடி கரண்ட், தண்ணீர், கேஸ் மூன்றையும் யூனிட்டிலும் லிட்டரிலும் கிலோவிலும் கணக்கிட்டு உங்கள் ஊர் விலையால் பெருக்குங்கள். நிலைக்கட்டணம், இன்டர்நெட், குப்பைக் கட்டணம் சேருங்கள். அப்புறம் ஆண்டுக்கோ சில ஆண்டுக்கோ ஒருமுறை வருவதை மாதத்துக்கு வகுத்துச் சேருங்கள்: தொட்டி கழுவுதல், செப்டிக் டேங்க் சுத்தம், வாட்டர் ஃபில்டர் மாற்றுதல், ஏசி சர்வீஸ், பேட்டரி. வந்த தொகைக்கு மேல் முதல் ஆண்டுக்கு மட்டும் நான்கில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள். புது வீட்டில் எல்லோருக்கும் எல்லா அறையிலும் விளக்கு போட ஆசை இருக்கும், அது நியாயமும்தான். வாடகையும் தவணையும் சேர்ந்து கட்டும் மாதங்கள் சில வரும். அந்தப் பணத்தை இதில் கலக்காமல் தனியாக வையுங்கள். மாமியாரின் அறைக்கு ஏசி வேண்டுமா என்று அவரிடமே கேட்டு, கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். பில்லைப் பார்த்து அவர் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நிலை வரக்கூடாது.

சோலார் பேனலுக்கு அவசரம் இல்லை. ஆனால் அதற்கான வழியை இப்போதே விட்டுவையுங்கள். இன்றைய பேனல்களில் 1 கிலோவாட்டுக்கு 5 சதுர மீட்டர் அளவு வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படி அறையும் அந்த இடத்தில் நிழல் விழாதபடி அமையட்டும். தளத்திலிருந்து மீட்டர் பெட்டி வரைக்கும் ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் போட்டு வையுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் இன்னொன்று: மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும், ஸ்கூட்டர் 3 யூனிட். அந்த நாள் வரும்போது பெட்ரோல் பணம் கரண்ட் பில்லுக்கு மாறும். குடிபுகுந்து 12 மாத பில்கள் கையில் வந்ததும், பகலில் எத்தனை யூனிட் ஓடுகிறது, மிச்சக் கரண்டை வாங்கிக்கொள்ள உங்கள் மின் நிறுவனம் என்ன விலை தருகிறது என்று பார்த்து எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்யலாம். அந்த பில்களோடு எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.